மூன்றாவது தரம் கூப்பிடும்வரை

அந்த ஆற்றோரத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் குடிபெயர மாட்டார்கள். அத்தாயி கிளம்பியது செவ்வாய்க்கிழமை. ஸ்ரீமுக வருடம், வைகாசி மாதம், காவிரியில் முழங்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லாத கோடை. மோகனூருக்குக் கிழக்கே இருந்த தன் குடிசைக் கதவைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, தலையில் ஒரு மூட்டையும் கையில் ஒன்பது வயது மகள் சாலம்மாளுமாக வண்டித்தடத்தில் இறங்கினாள்.

வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரக்காள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏ அத்தாயி, செவ்வாக்கெழமையும் அதுவுமா மூட்டையக் கட்டிட்ட? நாளைக்குப் போனா நாமக்கல்லு ஓடியா போயிரும்?”

“நாமக்கல்லு ஓடாது. நாந்தான் ஓடோணும்,” என்றாள் அத்தாயி. நடையை நிறுத்தவில்லை.

காரணம் மாரக்காளுக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் கீழக்கோடியில் காளியப்பன் வீட்டில் வாந்திபேதி கண்டது. விடிவதற்குள் அடுத்த வீட்டுக்கும் வந்துவிட்டது. புதன்கிழமைவரை காத்திருக்க அத்தாயிக்குத் தைரியம் இல்லை. நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது, விடுதியோடு சேர்ந்தது. அங்கே கம்பும் நெல்லும் குத்த ஆள் வேண்டுமென்று சந்தைக்குப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். குத்துகிறவளின் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் இனாம் என்றும் சொன்னார்கள். அவளுக்குப் படிப்பு பெரிதாகப் படவில்லை. மதில் சுவரும் கனமான கதவும் உள்ள கட்டிடம் என்றார்களே, அதுதான் பெரிதாகப் பட்டது.

அவள் ஏற்கெனவே ஒருமுறை இந்த நோயிடம் அகப்பட்டவள். பெரிய வெள்ளம் வந்த வருடம், வெள்ளம் வடிந்த கையோடு அது வந்தது. புருஷன் கருப்பண்ணன் படுத்தான். நாக்கைத் தூக்கிப் பேச அவனுக்குத் தெம்பில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “பொன்னா!” என்று ஒரு குரல் கேட்டது. கருப்பண்ணன் குரலேதான். உள்ளே கிடக்கிறவன் வெளியே எப்படிக் கூப்பிடுவான் என்று அத்தாயி யோசித்து முடிப்பதற்குள், ஆறு வயது மூத்தவன் பொன்னன், “வாரேன்!” என்று சொல்லிக்கொண்டு ஓடிவிட்டான். விடிவதற்குள் பிள்ளை போனான். மறுநாள் தகப்பனும் போனான். சாலம்மாள் அப்போது கைக்குழந்தை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. நோய்க் காலத்தில் ஒருத்தி தெருவில் நடப்பாள். வீட்டுக்கு வீடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். யார் குரலிலும் கூப்பிடுவாள். ஆனால் இரண்டு தரத்துக்குமேல் அவளால் கூப்பிட முடியாது. மூன்றாவது தரத்துக்கு அவளுக்கு நாக்கு எழாது. ஆகவே, மூன்றாவது தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது. அவளைப் பற்றிப் பேசவும் கூடாது. பேசினால், வா என்று அழைத்ததாக ஆகிவிடும்.

மற்றப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அவர்கள் விளையாட்டில் மறந்துபோவார்கள். சாலம்மாள் மறக்கவில்லை. அத்தாயி அதை அவளுக்கு விவரமாகச் சொன்னது ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் மூன்று விரலை உயர்த்திக் காட்டுவாள்; அவ்வளவுதான். முகம் பழகாதவர்கள் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்தப் பெண் மடியில் ஒரு விரலை மடக்குவாள். மறுபடி கூப்பிட்டால் இன்னொன்றை மடக்குவாள். மூன்றாவதை மடக்கிய பிறகுதான் வாய் திறப்பாள்.

நாமக்கல் பள்ளிக்கூடத்தில் அத்தாயிக்குக் குத்துகிற வேலை கிடைத்தது; சாலம்மாள் நன்றாகவே படித்தாள். வகுப்பு ஆசிரியை சௌந்திரம் சேலத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். கேள்வியை வரிசை முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கேட்கிற பழக்கம் உள்ளவள். கேள்வி சாலம்மாளிடம் வந்து சேர்வதற்குள் அதையே நாலைந்து தரம் கேட்டாகியிருக்கும். பதில் உடனே வரும், சரியாகவும் வரும். இந்தப் பெண் கெட்டி என்று சௌந்திரம் மனதில் குறித்து வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் பட்டணத்திலிருந்து தண்டாயுதபாணி என்பவர் வந்து சேர்ந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை; மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. ஒரு பெட்டி நிறையப் படங்களும் மரக்கட்டைகளும் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளின் புத்தி எந்த வயதளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சீமையில் ஒரு அளவுகோல் செய்திருக்கிறார்களாம். அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று பரீட்சித்துப் பார்க்கத்தான் அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். கவனமான மனுஷர். பனியைப் பற்றிய கேள்விகளை எடுத்துவிட்டு மழையை வைத்திருந்தார். தொப்பி போட்ட சிறுமியின் படத்துக்குப் பதிலாகப் பின்னல் போட்ட சிறுமியை வரையச் சொல்லியிருந்தார். கேள்விகளில் சீமை வாடையே இல்லை. கேட்கிற முறையை மட்டும் அவர் தொடவில்லை. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கேள்வியை ஒரு தரம் சொல்ல வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒரு கேள்வியையும் மறுதரம் கேட்கக் கூடாது.

அத்தாயியின் உரல் பரீட்சை நடந்த அறையின் பின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. உலக்கையை நிறுத்திவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

“சாலம்மாள்,” என்றார் அவர். “களத்தில் நெல் காய்கிறது. மழை வரும்போல இருக்கிறது. நீ முதலில் என்ன செய்வாய்?”

சாலம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அழுந்த மூடியிருந்தது. மடியில் ஒரு விரல் மடங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், அடுத்த கேள்விக்குப் போனார். மறுபடி பெயர், புதிதாக ஒரு கேள்வி; சாலம்மாள் விரலை நிமிர்த்தி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். கட்டைகளை அடுக்கச் சொன்னபோது மட்டும் அவள் கை விறுவிறுவென்று வேலை செய்தது.

ஜன்னலுக்கு வெளியே அத்தாயிக்கு நெஞ்சு குளிர்ந்தது. முன்பின் தெரியாத ஆம்பளை, இருட்டு அறை, வாய்க்கு வாய் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அப்படியும் பிள்ளை பாடத்தை மறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்துண்டை மகளுக்குக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் மகளுக்கு ஒன்பது வயது, புத்திக்கு நாலு வயது என்று அளந்திருக்கிறார்கள் என்றார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று கோயம்புத்தூருக்கும் அப்பால் ஒரு ஆசிரமம் இருக்கிறது, கைவேலை சொல்லித் தருவார்கள், இங்கே இனாம் இடத்தைப் படிக்கிற பிள்ளைக்குத்தான் தர முடியும் என்றார். சௌந்திரம் மறுத்துப் பேசியதால் இன்னும் ஒருமுறை பரீட்சை வைக்கப் போகிறார்களாம். அதிலும் இப்படியே வந்தால் அனுப்பிவிட வேண்டியதுதான்.

அத்தாயி சமையற்கட்டுக்குத் திரும்பி வந்து உரலருகே உட்கார்ந்தாள். எதற்காகப் பிள்ளைக்கு வெல்லம் கொடுத்தாளோ அதுவே பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறது என்பது மெல்ல மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் தண்டாயுதபாணி வெளியே வரும் சமயம் பார்த்து வழியில் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணுங்க சாமி. என்ற புள்ளகிட்ட மட்டும் மூணு தரம் கேளுங்க.”

“ஏம்மா, காது மந்தமா?”

“இல்லீங்க.”

“பின்னே?”

அவள் வாய் திறக்கவில்லை. குளத்துத் தெருவில் முந்தின நாள்தான் ஒரு வீட்டில் வாந்திபேதி கண்டிருந்தது. இந்த நேரத்தில் தெருவில் நடக்கிறவளைப் பற்றி வாயால் சொல்வது, வாசலில் விளக்கு வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. தண்டாயுதபாணி கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு பிள்ளைக்கு மூன்று தரம் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தமே இல்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். தாய்மார்கள் இப்படிச் சலுகை கேட்பது அவருக்குப் பழக்கம்.

ஆக மிஞ்சியது ஒரே வழி. இரண்டாவது பரீட்சைக்கு முந்தின நாள் பிற்பகல், தானிய அறைக்குப் பின்னால் மகளை உட்கார வைத்தாள்.

“நாளைக்கு அந்த அய்யா கேட்டதும் பதில் சொல்லிப்போடு, கண்ணு.”

சாலம்மாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

அத்தாயிக்கு அர்த்தம் புரிந்தது. யார் குரலிலும் வருவாள் என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. அம்மா குரலில் மட்டும் வரமாட்டாளா? பிள்ளை சரியாகத்தான் செய்கிறது.

“மொத தரத்துலயே சொல்லிப்போடு, சாமி,” என்றாள்.

சாலம்மாள் இரண்டாவது விரலை உயர்த்தினாள். கண் இமைக்காமல் மூன்றாவதற்குக் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு வெளியே தமுக்கு அடித்தது. குளத்துத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, குளத்துத் தெருவில் இன்னும் ஒரு வீடு என்று கூவிக்கொண்டு போனான் தமுக்கு அடிப்பவன். அத்தாயியின் காதில் பொன்னனின் “வாரேன்” கேட்டது. மூன்றாவது தரமும் சொல்லிவிட்டால் பிள்ளை நம்பிவிடும். நாளைக்கு அந்த அய்யாவுக்கு முதல் தரத்திலேயே பதில் சொல்லும். நாளை மறுநாள் வேலிக்கு அப்பாலிருந்து வருகிற குரலுக்கும் அப்படியே சொல்லும். ஒன்பது வருடம் கட்டிக் காத்த கதவை இவளே திறந்து வைக்கிறாள். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லத்தான் நினைத்தாள். சொல்ல வரவில்லை. எழுந்து போய் உலக்கையை எடுத்து, வெறும் உரலில் இரண்டு குத்துக் குத்தினாள். திரும்பிப் பார்த்தபோது சாலம்மாள் இன்னும் இரண்டு விரலோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது பரீட்சையிலும் முதல் பரீட்சையில் எங்கெல்லாம் வாய் திறக்கவில்லையோ அங்கெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை.

வராந்தாவில் சௌந்திரமும் தண்டாயுதபாணியும் பேசுவது ஜன்னலுக்குக் கீழே கேட்டது. அளவு சரியில்லையென்றால் ஒரு தடவை ஒன்றும் மறுதடவை வேறொன்றும் காட்டும், இது கல்லில் வெட்டினதுபோல அப்படியே நிற்கிறது, ஆகவே அளவுகோலில் பிசகில்லை என்றார் அவர். வகுப்பில் கெட்டிக்காரியாகத் தெரிகிறாள் என்றால் அது ஆசிரியையின் பிரியம் என்றார்.

“தட்டுக்கு அடியில புளி ஒட்டி வெச்ச தராசும் எத்தனை தரம் நிறுத்தாலும் ஒரே நிறைதான் காட்டும், சார்,” என்றாள் சௌந்திரம்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “இருக்கலாம். புளி எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள். இப்போதே எடுத்துவிடுகிறேன்.”

புளி எங்கே இருக்கிறதென்று சௌந்திரத்துக்குத் தெரியாது. உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியும்.

அத்தாயி படியேறி வந்தாள். கை கால் முழுக்க உமி. தன் ஆயுசில் அவள் அதை வாய்விட்டுச் சொன்ன இரண்டாவது தடவை அது. வேலி, விளக்கு வைக்கிற நேரம், பொன்னனின் பெயர், அப்பன் குரல், இரண்டே தரம் கூப்பிடுகிறவள், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது வாசலைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

சௌந்திரம் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். “மூணு தரம் கேட்டுத்தான் பாருங்களேன், சார்,” என்றாள்.

தண்டாயுதபாணி கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார். கேட்டால் பதில் வரும், அதை நான் நம்புகிறேன் என்றார். ஆனால் அப்படிக் கேட்டு வருகிற எண்ணை எதோடு வைத்துப் பார்ப்பது? எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தரம்தான் கேட்டிருக்கிறது. பிறகு அத்தாயி பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

“இந்தப் பயம்தாம்மா பிள்ளையைப் பிடித்திருக்கிற நோய். இதிலிருந்து விலகிப் போனால்தான் அவள் தேறுவாள்.”

அவள் சொன்னதையே அவளுக்கு எதிராக வைத்துவிட்டார். அதுகூட அத்தாயியைக் கலக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னோமே, யார் கேட்டிருப்பார்கள் என்கிற நினைப்புத்தான் கலக்கியது.

தலைமை ஆசிரியை கட்டாயப்படுத்தவில்லை. ஆசிரமத்துக்கு அனுப்பச் சம்மதமில்லையென்றால் மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். ஊரிலோ காளியப்பன் வீட்டோடு சேர்த்துக் கீழக்கோடி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் அந்தக் குரல் வந்த வேலி, ஒரு பக்கம் கோயம்புத்தூருக்கும் அப்பால் ஆசிரமம். அத்தாயி கட்டைவிரலை நீட்டி மையில் தோய்த்து, ஆசிரமத்துக்கு அனுப்பும் காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் வண்டி வந்தது. சாலம்மாள் அழவில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். வண்டி கோட்டைத் தெருமுனை திரும்புகிற இடத்தில் அவள் கையைத் தூக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் அசைப்பதுபோல் அசைக்கப் போகிறாள் என்று அத்தாயியும் கையைத் தூக்கினாள். சாலம்மாள் அசைக்கவில்லை. இரண்டு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். வண்டி மறையும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

இரண்டு. அத்தாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தானிய அறைக்குப் பின்னால் இரண்டு தரம் சொல்லிவிட்டு நாக்கு எழாமல் போனது யாருக்கு? இரண்டே தரம் கூப்பிடுகிறவள் யார் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை தன்னை அடையாளம் கண்டுகொண்டு, அதைச் சொல்லிவிட்டுப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் விடவில்லை. நோய் அடங்கியதும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆற்றோரத்துக்கே திரும்பினாள். களை எடுத்தாள், கரும்பு சுமந்தாள், கம்பு குத்தினாள். ஆசிரமத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம், வண்டிச் செலவு நான் தருகிறேன் என்று சௌந்திரம் சொல்லியனுப்பினாள். அத்தாயி போகவில்லை. வராந்தாவில் எல்லாவற்றையும் சொன்ன அன்றைக்கு வாசலில் எதுவும் நிற்கவில்லை என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அவள் செய்கிற வேலையை நிறுத்திவிடுவாள். நிற்காதது ஏன்? அது ஏற்கெனவே தனக்குள்ளேயே வந்துவிட்டதாலா? தன் குரலைத் தானே கேட்க அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கை தட்டிக் கூப்பிடுவாள். மாரக்காள் கேலி செய்தாள்: “பேரச் சொன்னாப் பல்லு கொட்டிப்போயிருமா உனக்கு?”

வருடங்கள் போயின. மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள், கோடையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. ஒரு மாசி மாதம், வெயில் சாய்ந்து விளக்கு இன்னும் வைக்காத நேரம். அத்தாயி உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சாத்தியிருந்த ஓலைப் படல் கதவுக்கு வெளியே ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

“அத்தாயி!”

கையிலிருந்த சுள்ளி கீழே விழுந்தது. கேட்டுப் பழகாத குரல். அவள் அசையவில்லை.

“அத்தாயி!”

இரண்டு. நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது. அடுப்புப் புகையில் கண் எரிந்தும் அவள் கண்ணை மூடவில்லை, படலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதுவும் கேட்கவில்லை. போய்விட்டது என்று நினைத்தாள். அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“அத்தாயி!”

அவள் எழுந்துபோய்ப் படலைத் திறந்தாள். தோளில் துணி மூட்டையோடு ஒரு நடுவயதுக்காரர் நின்றிருந்தார்.

“ஆருங்க?”

“ஜலகண்டாபுரம் அருணகிரிங்க. துண்டு, துப்பட்டி கொண்டுபோய் விக்கறவன். கோயமுத்தூருக்கு அக்கட்ட ஒரு ஆசிரமத்துக்கும் போடறனுங்க. மோகனூர்ச் சந்தைக்குப் போறன்னு சொன்னதுல, அங்க தறியில ஒக்காந்திருந்த ஒரு புள்ள சேதி சொல்லுச்சு. மூணு தரம் கூப்படோணும், அதுக்கு முந்தி எங்கம்மா வெளிய வராதுன்னும் அதுதான் சொல்லியுட்டுது.”

அத்தாயி படலைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொல்லுச்சுங்க?”

துணிக்காரர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் சொல்ல வேண்டும் என்பதுபோல் நிதானமாகச் சொன்னார்:

“‘எங்கம்மா ரெண்டு தரஞ் சொல்லுச்சு. வண்டியில போகயில வெரலக் காட்டுனேன், அம்மாளுக்கு வெளங்கலயாட்ட இருக்குது. மூணாவதுக்கு நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கறேன். வந்து சொல்லச் சொல்லுங்க.’”